படுத்த படுக்கையில் இருப்பவரைக் குளிப்பாட்டுவதும் தோலைக் காப்பதும்: வீட்டுக்கான முழு வழிகாட்டி

போன வருடம் எங்கள் தெருவில் ஒரு பெண், தன் அப்பாவை வந்து பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டார். அவருக்குப் பக்கவாதம் வந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. "தினமும் ரெண்டு வேளை துடைச்சு விடுறேன் அக்கா, ஒரு வாடை இருக்காது பாருங்க" என்றார். உண்மைதான். முகம் பளிச்சென்று இருந்தது, துவைத்த சட்டை, நெற்றியில் விபூதி. நாங்கள் இரண்டு பேருமாக அவரை ஒருக்களித்துத் திருப்பினோம். வாலெலும்புக்கு மேலே ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் கறுத்துப்போய், தொட்டால் சதசதவென்று இருந்தது. ஐந்து வாரமும் முன்பக்கத்தைத்தான் துடைத்திருக்கிறார். முதுகை யாரும் பார்க்கவே இல்லை.

முப்பது வருடம் வார்டில் நர்ஸாக இருந்தவள் நான். அப்புறம் என் மாமனாரை இரண்டரை வருடம் வீட்டிலேயே வைத்துப் பார்த்தேன். படுக்கையில் இருப்பவரைக் குளிப்பாட்டுவது அழுக்குப் போவதற்காக மட்டும் என்று நினைத்தால் பாதி வேலை விட்டுப்போகும். உச்சி முதல் உள்ளங்கால் வரை அவர் உடம்பை முழுசாகப் பார்க்க நமக்கு ஒரு நாளில் கிடைப்பது அந்த ஒரு நேரம்தான். கீழே சொல்வதையெல்லாம் அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

புண் எங்கே வருகிறது, ஏன் வருகிறது

தூக்கத்தில்கூட நாம் நம்மை அறியாமல் புரண்டுகொண்டேதான் இருக்கிறோம். ஓர் இடம் மரத்தால் உடம்பு தானாக நகர்ந்துகொள்ளும். பக்கவாதம், முதுகுத்தண்டில் அடி, இடுப்பெலும்பு முறிவு, முற்றிய மறதி நோய் என்று படுத்தவர்களால் அது முடியாது. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் சதை நசுங்குகிறது. நுண்ணிய ரத்தக் குழாய்கள் அடைபட்டு அந்த இடம் பட்டினி கிடக்கிறது. பல நேரம் சேதம் எலும்பை ஒட்டி உள்ளேதான் தொடங்கும், மேல்தோல் கடைசியில்தான் காட்டிக்கொடுக்கும். "நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு, ஒரே ராத்திரியில புண் வந்துடுச்சு" என்று பலரும் சொல்வது இதனால்தான்.

மல்லாந்து படுத்தால் பின்தலை, தோள்பட்டை எலும்பு, முழங்கை, வாலெலும்பு, குதிகால். ஒருக்களித்தால் காது, தோள், இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, முழங்காலின் இரண்டு பக்கம், கணுக்கால். இதோடு குழாய்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூக்கில் உணவுக் குழாய் ஒட்டியிருக்கும் இடம், ஆக்ஸிஜன் குழாய் உரசும் காதின் பின்புறம், தொடைக்கு அடியில் மாட்டிக்கொண்ட யூரின் ட்யூப் என எல்லாமே புண் வரும் இடங்கள்.

மருத்துவமனையில் யாருக்கு ஆபத்து அதிகம் என்று கணக்கிட 'பிரேடன் அளவுகோல்' என்று ஒன்று வைத்திருக்கிறோம். அமெரிக்காவில் பார்பரா பிரேடனும் நான்சி பெர்க்ஸ்ட்ரோமும் 1980களில் உருவாக்கியது. 6 முதல் 23 வரை மதிப்பெண், 18 அல்லது அதற்குக் கீழே வந்தால் கவனம் வேண்டும். வீட்டில் மதிப்பெண் போட வேண்டியதில்லை. அதிலுள்ள ஆறு விஷயங்களை மட்டும் கேட்டுப் பாருங்கள். வலித்தால், உறுத்தினால் உணர்கிறாரா? தோல் ஈரத்தில் ஊறுகிறதா? கட்டிலைவிட்டு இறங்குகிறாரா? படுத்தபடி தானாகப் புரள்கிறாரா? எவ்வளவு சாப்பிடுகிறார்? தூக்கும்போது உடம்பு விரிப்பில் இழுபடுகிறதா? மாமனாருக்கு நான்கு கேள்விக்குப் பதில் மோசமாக இருந்தது. முதல் நாளே உஷாராகிவிட்டேன்.

பார்ப்பது எப்படி

நாங்கள் படிக்கும்போது 'சிவந்திருக்கிறதா பார்' என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். சிவந்த இடத்தை விரலால் மூன்று விநாடி அழுத்தி எடுத்தால் வெளுத்து, பிறகு நிறம் திரும்ப வேண்டும். வெளுக்காமல் அப்படியே சிவப்பாக நின்றால் அது படுக்கைப் புண்ணின் முதல் நிலை. தோல் கிழியாவிட்டாலும் புண்தான். வெள்ளைத் தோலுக்கு இந்தச் சோதனை சரி. என் மாமனார் நல்ல கறுப்பு. அவர் முதுகில் சிவப்பு எங்கே தெரியப்போகிறது? அழுத்தி எடுத்தாலும் வெளுப்பது தெரியாது.

மாநிறத்துக்கு மேல் கறுத்த தோலில் வேறு அடையாளங்களைத் தேட வேண்டும். சுற்றியுள்ள தோலைவிட அந்த இடம் இன்னும் கருமையாகவோ, நாவல்பழ நிறத்திலோ, மினுமினுப்பாகவோ இருக்கும். டியூப் லைட் வெளிச்சத்தை நம்பாதீர்கள். பகலில் ஜன்னலைத் திறந்துவைத்துப் பாருங்கள். பார்த்தபின் புறங்கையை வைத்துச் சூட்டைப் பாருங்கள். பக்கத்துத் தோலைவிடச் சூடாகவோ சில்லென்றோ இருந்தால் சந்தேகப்படலாம். அப்புறம் விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். கட்டியாக இறுகியிருந்தாலும், ஊறிய ரொட்டிபோல் அமுங்கினாலும், தொட்டதும் அவர் முகம் சுளித்தாலும் அந்த இடத்தின் மேல் இனி பாரம் விழக் கூடாது. 30 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மாற்றம் இல்லையென்றால் புண் தொடங்கிவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த இடத்தைத் தேய்க்காதீர்கள். நான் மாணவியாக இருந்த நாளில் 'பேக் கேர்' என்றால் ஸ்பிரிட்டை உள்ளங்கையில் ஊற்றி, பவுடர் போட்டு, வாலெலும்பு மேல் வட்டமாக அழுத்தித் தேய்ப்பதுதான். எத்தனை முதுகைத் தேய்த்திருப்பேன் என்று கணக்கில்லை. ஸ்பிரிட் தோலை வறட்டிவிடும். உள்ளே ஏற்கெனவே நசுங்கிய சதையைத் தேய்ப்பு இன்னும் கிழிக்கும். இன்று அந்த வழக்கத்தை விட்டுவிட்டார்கள். வீடுகளில்தான் இன்னும் விடவில்லை.

குளியல், படிப்படியாக

காலைச் சாப்பாட்டுக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள், மலம் கழித்தபின் என்றால் இன்னும் நல்லது. மூக்குக் குழாய் வழியாக உணவு கொடுப்பவர் என்றால் கொடுத்து ஒரு மணி நேரமாவது போகட்டும். மின்விசிறியை நிறுத்துங்கள், கதவைச் சாத்துங்கள். இரண்டு பேசின் வெந்நீர், மென்மையான சோப்பு, பழைய பருத்தி வேட்டியில் கிழித்த நான்கு துணி, இரண்டு துண்டு, மாற்றுத்துணி, கிரீம் எல்லாம் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பாதியில் விட்டுவிட்டுச் சமையலறைக்கு ஓடக் கூடாது. அவர் ஈரத்தோடு குளிரில் கிடப்பார், கட்டிலிலிருந்து விழவும் செய்வார். மறைவிடத்துக்கான துணி மட்டும் வேறு நிறத்தில் இருக்கட்டும்.

தண்ணீரின் சூட்டை முழங்கையால் பாருங்கள். வெதுவெதுப்புதான் கணக்கு. உணர்ச்சி இல்லாத காலில் சூடான தண்ணீர் பட்டால் அவர் சொல்லமாட்டார், கொப்புளம்தான் சொல்லும். தண்ணீரில் டெட்டால் போன்ற கிருமிநாசினி ஊற்ற வேண்டாம், வயதான தோலுக்கு அது எரிச்சல். வேப்பிலை போட்டுக் காய்ச்சினால்தான் திருப்தி என்றால் போட்டுக்கொள்ளுங்கள், தூசி தும்பு இல்லாமல் வடிகட்டி.

1. முதலில் சொல்லுங்கள். நினைவு இருக்கிறதோ இல்லையோ, "மாமா, முகம் துடைக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் தொட வேண்டும். உடம்பு முழுக்க ஒரு போர்வை இருக்கட்டும். துடைக்கும் பாகம் மட்டும் வெளியே வரட்டும்.

2. கண். சோப்பு இல்லாத ஈரத்துணி. மூக்குப் பக்கத்து ஓரத்திலிருந்து வெளியே ஒரே இழுப்பு. அடுத்த கண்ணுக்குத் துணியின் வேறு மூலை. பிறகு முகம், காதுக்குப் பின்னால், கழுத்து மடிப்பு.

3. கைகள். விரல் நுனியிலிருந்து தோள் நோக்கி நீளமாகத் துடைத்து, அக்குளுக்கு மட்டும் சோப்பு போடுங்கள். மடங்கி இறுகிப்போன விரல்களை மெல்லப் பிரித்து உள்ளங்கையைக் கழுவுங்கள். அங்கே நகம் குத்திப் புண்ணாகி நாறிக்கொண்டிருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு சுருட்டிய துணியை உள்ளங்கையில் பிடிக்க வைத்துவிடுங்கள்.

4. மார்பு, வயிறு. பெண்களுக்கு மார்பின் அடிமடிப்பைத் தூக்கித் துடைத்து, ஒற்றிக் காயவைக்க வேண்டும். தொப்புளும் அப்படித்தான். நம் ஊர் வெயிலுக்கு மடிப்புகளில்தான் வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும்.

5. கால்கள். விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக் காயவையுங்கள். கெண்டைக்காலைப் பிடித்துவிட வேண்டாம். படுத்தே இருப்பவருக்கு உள்ளே இருக்கும் ரத்தக் குழாயில் ரத்தக்கட்டி இருக்கலாம், அமுக்கினால் அது நகரும் ஆபத்து உண்டு. ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

6. தண்ணீரை மாற்றுங்கள். ஒருக்களித்துத் திருப்பி முதுகு. முதல் வேலை துடைப்பது இல்லை, பார்ப்பது. மேலே சொன்ன எலும்பு மேடுகள் ஒவ்வொன்றையும் பார்த்துத் தொட்ட பிறகுதான் துணி.

7. கடைசியாக மறைவிடம், புதுத் தண்ணீரில். பெண்களுக்கு எப்போதும் முன்னாலிருந்து பின்னால். பின்னாலிருந்து முன்னால் துடைத்தால் மலக்கிருமி சிறுநீர்ப் பாதைக்குப் போகும். ஆண்களுக்கு முன்தோலை மெல்லப் பின்னுக்குத் தள்ளிக் கழுவி, மறக்காமல் முன்னுக்கு இழுத்துவிட வேண்டும். அப்படியே விட்டால் நுனி வீங்கி, தோல் திரும்ப வராமல் அவசர சிகிச்சைக்கு ஓடும்படி ஆகும். வீட்டில் எல்லாரும் கூச்சப்பட்டு விட்டுவிடும் இடம் இது. மருமகள் செய்யத் தயங்கினால் மகன் செய்யட்டும், ஆனால் யாராவது ஒருவர் தினமும் செய்தாக வேண்டும். யூரின் ட்யூப் இருந்தால், குழாய் உடம்பிலிருந்து வெளிவரும் இடத்தில் தொடங்கி வெளிப்பக்கமாகத் துடையுங்கள். பை எப்போதும் சிறுநீர்ப்பைக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக் கூடாது.

8. எல்லா இடத்திலும் துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். லேசான ஈரம் இருக்கும்போதே மாய்ஸ்சரைசர். தேங்காய் எண்ணெயும் நல்லதுதான், மெல்லியதாக. மடிப்புகளில் எதுவும் தடவ வேண்டாம்.

உடுத்தும்போது ஒரு சின்ன சூட்சுமம். சட்டை போடும்போது வராத (செயலிழந்த) கை முதலில், கழற்றும்போது வராத கை கடைசியில். பொத்தானைப் பின்பக்கம் கிடக்கும்படி போடாதீர்கள். தலையணை உறையின் தையல், மடிந்த விரிப்பு, பிஸ்கட் துணுக்கு எல்லாமே எட்டு மணி நேரத்தில் அச்சுப் பதிக்கும்.

தினமும் உடம்பு முழுக்க சோப்பு தேவையில்லை. தோல் இயல்பிலேயே லேசான அமிலத்தன்மை உள்ளது. அதன் பிஎச் அளவு (எண் குறையக் குறைய அமிலம் கூடும்) சுமார் 5. அந்த அமிலப் படலம்தான் கிருமிக்கு வேலி. சாதாரணக் கட்டிச் சோப்பு 9, 10 வரை போகும், வேலியைப் பிரித்துப் போட்டுவிடும். அக்குள், தொடை இடுக்கு, பாதம் தவிர மற்ற இடத்துக்கு வெறும் தண்ணீர் போதும்.

தலை, வாய், நகம்

வாரம் ஒரு முறை தலைக்குக் குளிப்பாட்டலாம். வார்டில் இதற்குக் 'கெல்லிஸ் பேட்' என்று ரப்பரில் ஒன்று இருக்கும். வீட்டில் ஒரு துண்டைச் சுருட்டி லாடம்போல் வளைத்து, மேலே பிளாஸ்டிக் ஷீட்டைப் போட்டு அதன் நுனியைக் கட்டிலோரத்து வாளியில் விட்டால் தண்ணீர் ஓடிவிடும். வாயை இரண்டு வேளை மென்மையான பிரஷ்ஷால் துலக்குங்கள். விழுங்க முடியாதவருக்குத் தலையை ஒருபக்கம் சாய்த்து ஈரத் துணியால் துடைக்க வேண்டுமே தவிர, தண்ணீர் ஊற்றக் கூடாது, அது நுரையீரலுக்குப் போய்விடும். பல்செட்டை இரவில் கழற்றிவிடுங்கள். நகத்தைக் குளியலுக்குப் பிறகு வெட்டினால் மெத்தென்று இருக்கும். சர்க்கரை நோயாளியின் கால் நகத்தை நேராக வெட்டி அரத்தால் தேய்த்துவிட்டால் போதும், ஓரத்தைத் தோண்ட வேண்டாம்.

டயப்பர் என்னும் சங்கடம்

டயப்பர் வந்தபின் விரிப்பு துவைக்கும் வேலை குறைந்தது, தோலுக்குத்தான் கஷ்டம் கூடியது. மூத்திரமும் மலமும் சேர்ந்து ஊறினால் தோல் வெந்து, தொடை இடுக்கு முதல் பிட்டம் வரை பரவலாகச் சிவந்து உரியும். இதையும் படுக்கைப் புண் என்று பலரும் நினைக்கிறார்கள். எலும்பு மேட்டில் வட்டமாக இருந்தால் அழுத்தத்தால் வந்தது. மடிப்பு முழுக்க ஒழுங்கற்றுப் பரவியிருந்தால் ஈரத்தால் வந்தது. வைத்தியம் வேறு வேறு. முன்னதற்குப் பாரத்தை எடுக்க வேண்டும், பின்னதற்கு ஈரத்தை.

இரண்டு, மூன்று மணிக்கு ஒரு முறை டயப்பரைப் பாருங்கள். மலம் கழித்திருந்தால் அந்த நிமிடமே மாற்றுங்கள். கழுவி, ஒற்றி, துத்தநாக ஆக்ஸைடு கலந்த கிரீமை மெல்லியதாகப் பூசுங்கள். அடுத்த முறை மலத்தை மட்டும் வழித்தெடுத்தால் போதும், கிரீம் முழுவதையும் சுரண்டத் தேவையில்லை. பகலில் இரண்டு மணி நேரமாவது டயப்பர் இல்லாமல், அடியில் பழைய வேட்டியை மடித்துப் போட்டுக் காற்றாட விடுங்கள். பவுடர் வேண்டாம். வேர்வையில் குழைந்து, கட்டியாகி, மணல்போல் அறுக்கும். அரிப்பு, படை என்றால் மருந்துக்கடையில் 'ஒரு ட்யூப் குடுங்க' என்று வாங்காதீர்கள். அப்படிக் கொடுப்பதில் பல ஸ்டீராய்டு கலந்தவை. நான்கு நாள் நன்றாக இருக்கும், பிறகு பூஞ்சை இருமடங்காகப் பரவும்.

திருப்பிப் படுக்க வைப்பது

இரண்டு மணிக்கு ஒரு முறை என்பது பழைய கணக்கு. தரமான ஃபோம் மெத்தையில் மூன்று, நான்கு மணி நேரம்கூட விடலாம் என்று வெளிநாட்டு முதியோர் இல்லங்களில் செய்த ஆய்வு உண்டு. நம் வீட்டுத் தட்டைப் பஞ்சு மெத்தைக்கும் தேங்காய்நார் மெத்தைக்கும் அது பொருந்தாது, இரண்டு மணியே சரி. 'வலம், மல்லாந்து, இடம்' என்று நேரம் போட்டு ஒரு தாளைச் சுவரில் ஒட்டுங்கள், திருப்பியவர் டிக் போடட்டும். தாள் இல்லாத வீட்டில் எல்லாரும் 'இப்பத்தானே திருப்பினோம்' என்பார்கள்.

ஒருக்களிக்கும்போது முழுசாகப் பக்கவாட்டில் நிறுத்தினால் மொத்தப் பாரமும் இடுப்பெலும்பில் விழும். முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து 30 டிகிரி சாய்வு போதும். பாரம் பிட்டத்துச் சதையில் இறங்கும். முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை. மல்லாந்திருக்கும்போது கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகாலை அந்தரத்தில் விடுங்கள். அடியில் ஒரு தாளை நுழைத்தால் தடையில்லாமல் போய் வர வேண்டும்.

தலைப்பக்கத்தை நிறைய உயர்த்தி வைத்தால் அவர் மெல்லச் சறுக்குவார். எலும்பு கீழே போகும், தோல் விரிப்பில் ஒட்டி மேலே நிற்கும். இந்த இழுபறிதான் வாலெலும்புப் புண்ணுக்குப் பெரிய காரணம் எனக்குத் தெரிந்தவரை. சாப்பிடும்போதும், சாப்பிட்டுச் சிறிது நேரமும் உயர்த்தி வைத்துவிட்டு, பிறகு 30 டிகிரிக்கு இறக்குங்கள். மேலே நகர்த்த அக்குளில் கைகொடுத்து இழுக்காதீர்கள். வேட்டியை நான்காக மடித்து, தோள் முதல் தொடை வரை அடியில் போட்டு, இரண்டு பேர் இரண்டு பக்கமும் சுருட்டிப் பிடித்துத் தூக்கி நகர்த்துங்கள்.

ஏர் பெட் வாங்கியவர்கள் திருப்புவதை நிறுத்திவிடுகிறார்கள். அது உதவிதான், மாற்று இல்லை. வாலெலும்புக்கு நேராக மெத்தைக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள். எலும்பு கையில் முட்டினால் காற்று பற்றவில்லை. மேலே ஒரே ஒரு பருத்தி விரிப்பு போதும். ரப்பர் ஷீட், போர்வை, சமுக்காளம் என்று அடுக்கினால் மெத்தையின் வேலை வீண். மின்வெட்டில் காற்று இறங்கிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணை வேண்டவே வேண்டாம், ஓட்டையின் விளிம்பு சுற்றியுள்ள ரத்த ஓட்டத்தை அமுக்கும்.

சிலர் வாழையிலை விரிக்கலாமா என்று கேட்கிறார்கள். தீக்காய வார்டில் வாழையிலை போட்டிருக்கிறார்கள், வழுவழுப்பாக ஒட்டாமல் குளுமையாக இருக்கும். அது ஒட்டாமல் காக்கும், அழுத்தத்தைக் குறைக்காது.

சாப்பாட்டில் புரதம் இல்லாமல் தோல் நிற்காது. ஆபத்தில் உள்ளவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.25 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும் என்பது கணக்கு. 50 கிலோ ஆள் என்றால் 62 முதல் 75 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான், கஞ்சியிலும் இளநீரிலும் எவ்வளவு வரும் என்று நீங்களே பாருங்கள். முட்டை, பருப்பு, மீன், தயிர், சுண்டல் மசித்தது என்று பிரித்துக் கொடுக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

புண் வந்துவிட்டால்

முதல் நிலையைச் சொன்னேன். இரண்டாவதில் மேல்தோல் உரிந்தோ கொப்புளமாகவோ இருக்கும். மூன்றில் குழி விழுந்து கொழுப்பு தெரியும். நான்கில் தசை, எலும்பு. மேலே கறுப்பாகப் பொறுக்குக் கட்டியிருந்தால் ஆழம் எவ்வளவு என்று பார்த்துச் சொல்ல முடியாது. அதை வீட்டில் பிய்க்காதீர்கள்.

முதல் இரண்டு நிலையில், பாரத்தை முழுசாக எடுத்துவிட்டு நார்மல் சலைன் என்னும் உப்புநீரால் கழுவி டிரெஸ்ஸிங் போட்டால் பெரும்பாலும் ஆறிவிடும். எந்த டிரெஸ்ஸிங் என்பதை நர்ஸோ டாக்டரோ பார்த்துச் சொல்லட்டும். ஹைட்ரஜன் பெராக்ஸைடு, ஸ்பிரிட், மஞ்சள்தூள், காப்பித்தூள் எதையும் புண்ணுக்குள் போடாதீர்கள். நுரை பொங்கினால் சுத்தமாகிறது என்று தோன்றும், புதிதாக வரும் சதையும் அதில் வெந்துவிடும். சீழ், கெட்ட வாடை, சுற்றிலும் வீக்கம், காய்ச்சல், திடீர்க் குழப்பமான பேச்சு இதில் எது இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கும் நோய்த்தணிப்பு நர்ஸும் பிசியோதெரபிஸ்ட்டும் உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள், இல்லையென்றால் 104க்குப் போன் செய்து கேளுங்கள். அவர்கள் வருவதற்குள் ஒரு வேலை செய்து வையுங்கள். மூன்று நாளுக்கு ஒரு முறை, ஜன்னல் வெளிச்சத்தில், புண்ணுக்குப் பக்கத்தில் தோலில் படாமல் ஒரு ரூபாய் நாணயத்தை ஒரு தாள்மேல் வைத்துப் போனில் படம் எடுங்கள். எங்கள் தெருப் பெண் அப்படி எடுத்த பதினாலு படங்களை வரிசையாகத் தள்ளிக் காட்டினார். நான்காவது படத்தில் கறுப்பு பிரியத் தொடங்கியிருந்தது, ஒன்பதாவதில் குழி சிவந்திருந்தது, கடைசிப் படத்தில் புண் நாணயத்தைவிடச் சின்னது.